அபராதம் கட்டினோம், பணம் எங்கே போயிற்று?



நல்லேப்பிள்ளியை அறியாத அன்பர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. சித்தூரிலிருந்து கொழிஞ்சாம்பாறை போகும் வழியில், பனைமரமும் நெல்வயலுமாக இருக்கிற ஊர் இது. ஒரே டீக்கடையில் மாத்ருபூமியும் தினத்தந்தியும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். ரேஷன் கார்டு கேரளத்துடையது. ஆனால் கல்யாணப் புடவைக்குக் கோவை, மாடு பிடிக்கப் பொள்ளாச்சிச் சந்தை, நேர்த்திக்கடனுக்குப் பழனி, எலும்பு முறிந்தால் மறுபடியும் கோவை. இடுக்கியில் இருக்கும் நம்மவர்களுக்குக் குமுளியும் கம்பம்மெட்டும் போடிமெட்டும் எப்படியோ, எங்களுக்கு வேலந்தாவளமும் கோபாலபுரமும் மீனாட்சிபுரமும் அப்படி. வாரத்துக்கு ஒரு முறையாவது எல்லையைத் தாண்டாத குடும்பம் இங்கே அபூர்வம்.

இப்படி வண்டியிலேயே பாதி வாழ்க்கை கழிவதால், நாலு பேர் கூடினால் பேச்சு அபராதத்தில் வந்துதான் நிற்கிறது. ஒருவருக்கு ஹெல்மெட், ஒருவருக்கு சீட் பெல்ட், இன்னொருவருக்கு வேகம். "ஐநூறு போச்சு", "ஆயிரத்தைந்நூறு போச்சு" என்று கணக்குச் சொல்வார்கள். "இதெல்லாம் ரோட்டுக்காகவா? கஜானாவை ரொப்பத்தான்!" என்று ஒருவர் முடிப்பார். எல்லாரும் தலையாட்டுவார்கள்.

அந்தத் தலையாட்டலில் எவ்வளவு உண்மை இருக்கிறது? நாம் கட்டும் அபராதம் யார் கைக்குப் போகிறது? அதைப் பற்றிச் சட்டம் ஏதாவது சொல்கிறதா? நான் வக்கீல் அல்ல. ஆனாலும் தேடிப் படித்ததில் தெரிந்துகொண்டதை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

வேகப் பொறி என்றால் என்ன?

என் அக்கா மகன் அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தில் வேலை பார்க்கிறான். விடுமுறைக்கு வந்திருந்தபோது எங்கள் அபராதப் பேச்சைக் கேட்டுவிட்டுச் சிரித்தான். "மாமா, இது ஒண்ணுமே இல்லை. அங்கே சில ஊர்களுக்குப் பிழைப்பே அபராதம்தான்" என்றான்.

அவன் சொன்னதை நம்பாமல் நானே தேடிப் பார்த்தேன். உண்மைதான். அந்த நாட்டில் சின்ன ஊருக்குக்கூடத் தனிப் போலீஸ் வைத்துக்கொள்ள முடியும். சில மாநிலங்களில் தனி நீதிமன்றமும் உண்டு. அந்த ஊர்ப் போலீஸ் பிடிக்கும், ஊர் நீதிமன்றம் அபராதம் போடும், பணம் ஊர்ச் சபையின் கணக்கில் சேரும். நெடுஞ்சாலை ஊருக்குள் நுழையும் இடத்தில் வேக வரம்பைத் திடீரென்று குறைத்துவிட்டு, மறைவில் வண்டியோடு நின்றால் போதும். தெரியாமல் வருகிற வெளியூர்க்காரர் வரிசையாக மாட்டிக்கொள்வார். இதைத்தான் அங்கே "ஸ்பீட் ட்ராப்", அதாவது வேகப் பொறி என்கிறார்கள். எலிப்பொறியில் தேங்காய்ச் சில்லு வைப்பது போலத்தான்.

ஒஹையோ மாநிலத்தில் நியூ ரோம் என்று ஒரு கிராமம் இருந்தது. 2000-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மக்கள்தொகை வெறும் 60. மணிக்கு 45 மைல் என்றிருந்த வேக வரம்பு அந்த ஊரின் சிறு துண்டுச் சாலையில் 35 ஆகும். அங்கே வசூலான அபராதம் ஊரின் அளவுக்குக் கொஞ்சமும் பொருந்தாதது. கடைசியில் 2004-இல் நீதிமன்றம் அந்தக் கிராமத்தையே கலைத்துவிட்டது.

மிசௌரியில் மேக்ஸ் கிரீக் என்ற ஊர், 300 பேர்கூட இல்லாதது. ஊரின் வருமானத்தில் பெரும்பங்கு நெடுஞ்சாலை அபராதத்திலிருந்து வந்தது. இதைப் பார்த்த மாநிலச் சட்டமன்றம் 1995-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஓர் ஊரின் ஆண்டு வருமானத்தில் 45 சதவீதத்துக்கு மேல் போக்குவரத்து அபராதமாக இருந்தால், மிகுதியை மாநிலத்தின் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். அந்தச் சட்டத்துக்கு ஊரின் பெயரே நிலைத்துவிட்டது. பிறகு அந்த வரம்பை 35, 30 என்று இறக்கி, 2015-இல் 20 சதவீதத்துக்குக் கொண்டுவந்தார்கள். அபராதத்தை நம்பியிருந்த மேக்ஸ் கிரீக் கடனில் மூழ்கி, பிற்பாடு ஊராட்சியையே கலைத்துக்கொண்டது.

இந்தச் சட்டம் வேகமாக ஓட்டியவரை மன்னிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் கட்டத்தான் வேண்டும். பிடிப்பவனுக்கு அந்தப் பணத்தின் மேல் ஆசை வரக்கூடாது என்பதே அதன் நோக்கம்.

இந்த எண்ணம் அங்கே பழையதுதான். 1927-இல் ஒஹையோவின் ஒரு கிராமத் தலைவர் நீதிபதியாக உட்கார்ந்து, குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்னால் மட்டும் தமக்குக் கட்டணம் கிடைக்கும்படியான ஏற்பாட்டில் இருந்தார். அது செல்லாது என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். 1972-இல் இன்னொரு வழக்கு, அதுவும் ஒஹையோதான். போக்குவரத்துக் குற்றத்துக்கு மன்ரோவில் கிராமத் தலைவர் போட்ட அபராதம். அவர் தம் பைக்கு ஒன்றும் எடுக்கவில்லை. பணம் ஊருக்குத்தான் போனது. ஆனாலும், ஊர் வரவு செலவைப் பார்க்கும் ஆளே தீர்ப்பும் சொன்னால் மனம் எந்தப் பக்கம் சாயும் என்று கேட்டு, அதையும் நீதிமன்றம் ஏற்க மறுத்தது. வேலியே பயிரை மேய்ந்த பிறகு விரட்டுவது ஒரு வகை. மேய்வதற்கு வேலிக்கு வாயே இல்லாமல் செய்வது இன்னொரு வகை. இரண்டாவதுதான் கெட்டிக்காரத்தனம்.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் அந்தப் பொறிக்கு இடமில்லை. காரணம் எளிது. பஞ்சாயத்துக்குத் தனிப் போலீசும் கிடையாது, வண்டி அபராதத்தில் பங்கும் கிடையாது. நல்லேப்பிள்ளி வழியில் ஆயிரம் பேர் மாட்டினாலும் எங்கள் பஞ்சாயத்துக்கு ஒரு பைசா சேராது. மோட்டார் வாகனத் துறையோ போலீசோ வசூலிப்பது மாநில அரசின் தொகுப்பு நிதிக்குப் போகிறது. அரசியல் சட்டத்தின் 266-ஆவது பிரிவு அதைச் சொல்கிறது. சட்டமன்றத்தின் அனுமதி இல்லாமல் அதிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்க முடியாது.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் நமக்குத் தெரிந்திருக்க வேண்டிய சில பிரிவுகள் உண்டு.

வேகத்துக்கான தண்டனை 183-ஆவது பிரிவில் இருக்கிறது. ஒரே ஒரு சாட்சி, "இவர் வேகமாக வந்ததாக எனக்குத் தோன்றியது" என்று சொல்வதை மட்டும் வைத்து யாரையும் தண்டிக்க முடியாது என்று அதே பிரிவு சொல்கிறது. கருவி கொண்டு அளந்த கணக்கு அதற்குப் பின்னால் இருக்க வேண்டும்.

200-ஆவது பிரிவு, நீதிமன்றம் போகாமல் அதிகாரியிடமே பணம் கட்டி முடித்துக்கொள்ள வழி செய்கிறது. இது நம் விருப்பம். தவறு செய்யவில்லை என்று நினைப்பவர் கட்டாமல் நீதிமன்றத்தில் வாதாடலாம். எந்தக் குற்றத்துக்கு எவ்வளவு என்பதை மாநில அரசு அறிவிக்கும். 2019-இல் மத்திய அரசு தண்டனைகளைக் கூட்டியபோது ஹெல்மெட்டுக்கும் சீட் பெல்ட்டுக்கும் 1,000 ரூபாய் ஆனது. கேரள அரசு அந்த வருடமே அதை 500 ஆக இறக்கியது.

கேமராவுக்கும் சட்டம் உண்டு. 2019 திருத்தத்தில் வந்தது 136-ஏ பிரிவு. அதன்கீழ் 2021 ஆகஸ்டில் வந்த விதிகள் மூன்று விஷயங்களைக் கட்டாயமாக்கின. கருவிக்கு ஆண்டுதோறும் அங்கீகாரச் சான்று வேண்டும். கேமரா பார்க்கும் சாலையில் முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகை வேண்டும். குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். மறைந்திருந்து பிடிக்கும் அமெரிக்கக் கிராமத்துக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் அந்தப் பலகையில் இருக்கிறது.

இன்னொரு பிரிவைச் சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். 210-பி. சட்டத்தை அமல்படுத்தும் அதிகாரியே அந்தக் குற்றத்தைச் செய்தால் அவருக்குத் தண்டனை இரண்டு மடங்கு!

சாவடியும் கேமராவும்

சட்டம் இவ்வளவு நன்றாக இருக்கிறதே, பிறகு ஏன் மக்களுக்கு நம்பிக்கை இல்லை? எல்லையில் குடியிருப்பவர்களுக்குக் காரணம் சொல்லித் தர வேண்டியதில்லை. செக்போஸ்ட்டைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். ரசீது இல்லாத பணம் கை மாறுவதை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! இளநீர் ஏற்றிப் போகும் ஒரு டிரைவர் தம்பி என்னிடம் சொன்னான்: "கோர்ட்டு கேசுன்னு போனா ஒரு நாள் வாடகை போயிருங்க. நூறு ரூபாயைக் கொடுத்தா ரெண்டு நிமிஷம்." அவன் கணக்கில் அது லாபம். ஆனால் அந்த நூறு ரூபாய் எந்தத் தொகுப்பு நிதிக்கும் போகாது. எந்தக் குழியையும் மூடாது.

2017-இல் ஜி.எஸ்.டி. வந்ததோடு வணிகவரிச் சாவடிகளின் வேலை முடிந்தது. மோட்டார் வாகனத் துறையின் சாவடிகள் தொடர்ந்தன. 2025 ஜனவரியில் பாலக்காட்டு எல்லையிலுள்ள அந்தச் சாவடிகளில் கேரள விஜிலன்ஸ் திடீர்ச் சோதனை நடத்தி, கணக்கில் வராத பணம் ஒரு லட்சத்துக்கு மேல் பிடித்தது. பத்திரிகைகளில் எல்லாரும் படித்ததுதான்.

இந்தக் கை மாற்றத்துக்கு மாற்று மருந்தாகவும் கேமராவைச் சொன்னார்கள். 2023 ஏப்ரலில் கேரள அரசு "சேஃப் கேரளா" திட்டத்தில் 726 கேமராக்களைத் தொடங்கிவைத்தது. ஜூன் 5 முதல் அபராதம். அவற்றில் 675 கேமராக்கள் ஹெல்மெட், சீட் பெல்ட், கைபேசி போன்றவற்றைக் கண்டுபிடிப்பவை. வேகத்தை அளப்பவை எண்ணிக்கையில் மிகக் குறைவு. அரசு நிறுவனமான கெல்ட்ரான் சுமார் 232 கோடி ரூபாய்த் திட்டமாக இதை அமைத்தது. மூன்று மாதத்துக்கு ஒரு தவணையாக, 20 தவணைகளில் அரசு பணம் கொடுப்பதாக ஏற்பாடு. துணை ஒப்பந்தங்களில் முறைகேடு என்று அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் வி.டி. சதீசனும் ரமேஷ் சென்னித்தலாவும் உயர் நீதிமன்றம் போனார்கள். 2023 ஜூனில் பணம் கொடுப்பதை நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. பிறகு தவணை கொடுக்க அனுமதித்தது. 2025-இல் மனுவையே தள்ளுபடி செய்தது.

கேமரா லஞ்சம் கேட்காது. ஆளைப் பார்த்து விடாது. அது நல்லதுதான். தவணையும் இத்தனை சலானுக்கு இவ்வளவு என்று இல்லாமல் நிலையான தொகையாக இருப்பது நல்லதுதான். ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. கேமரா தன் செலவைத் தானே சம்பாதிக்க வேண்டும் என்று யாராவது கணக்குப் பார்க்க ஆரம்பித்தால், மேக்ஸ் கிரீக்கின் புத்தி மாநில அளவில் வந்துவிடும். நல்ல கேமரா வைத்த சாலையில் வருடம் போகப் போக அபராதம் குறைய வேண்டும். வசூல் குறைந்தால் சந்தோஷப்படும் மனசு கஜானாக்காரருக்கு வர வேண்டும்.

உயிர்க் கணக்கு

"அப்படியானால் அபராதமே வேண்டாமா?" என்று கேட்டால், என் பதில் வேண்டும் என்பதுதான். 2022 அக்டோபர் 5 இரவை நம் மாவட்டத்தில் யாரும் மறக்க முடியாது. எர்ணாகுளம் மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகளை ஊட்டிக்கு ஏற்றி வந்த சுற்றுலா பஸ், வடக்கஞ்சேரி அருகே கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ்ஸின் பின்னால் மோதியது. ஒன்பது பேர் போனார்கள். ஐந்து பேர் மாணவர்கள். பஸ் மணிக்கு 97 கி.மீ. வேகத்தில் வந்தது என்றார்கள். அந்தப் பஸ்ஸை வழியில் யாராவது ஒருவர் நிறுத்தியிருந்தால் எவ்வளவு பெரிய அபராதம் போட்டாலும் அது புண்ணியம்.

அதே மாவட்டத்தில் இன்னொரு நாள், 2024 டிசம்பர் 12. கல்லடிக்கோடு பக்கம் பனயம்பாடத்தில் சிமெண்ட் லாரி கவிழ்ந்து, பரீட்சை எழுதிவிட்டு நடந்து வந்த நான்கு எட்டாம் வகுப்புச் சிறுமிகள் இறந்தார்கள். அந்த வளைவில் மழை பெய்தால் வண்டி வழுக்குகிறது என்று ஊர்க்காரர்கள் முன்பிருந்தே சொல்லி வந்தார்கள். அங்கே எத்தனை சலான் எழுதினாலும் வளைவு நேராகாது. அதற்குச் செலவு செய்ய வேண்டும்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அபராதப் பணத்தின் கேள்வி முழுமையாகிறது. ஒரு கையால் வாங்குவதை மறு கையால் சாலைக்குக் கொடுக்கிறார்களா? கேரளத்தில் இதற்கு 2007-ஆம் ஆண்டிலேயே சாலைப் பாதுகாப்பு ஆணையச் சட்டம் வந்துவிட்டது. முந்தைய ஆண்டு வசூலான இணக்கக் கட்டணத்தில், அதாவது நீதிமன்றம் போகாமல் நாம் கட்டி முடிக்கும் அபராதத்தில், பாதிக்குச் சமமான தொகையை அரசு சாலைப் பாதுகாப்பு நிதிக்குக் கொடுக்க வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. அதாவது நீங்கள் கட்டிய ஐந்நூறில் இருநூற்றைம்பது சாலைக்குத் திரும்பி வர வேண்டிய பணம்.

நாடு முழுவதும் இந்த எண்ணத்தை வலியுறுத்திய வழக்கு நமக்குப் பக்கத்து ஊரிலிருந்தே கிளம்பியது என்பது பலருக்குத் தெரியாது. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் டாக்டர் எஸ். ராஜசேகரன், விபத்துகளைப் பற்றி 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். முறிந்த எலும்பைச் சேர்த்துக்கொண்டே இருந்தால் போதாது, முறியாமல் தடுக்க வேண்டும் என்ற எண்ணம்தான். 2014-இல் நீதிமன்றம் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 2017 நவம்பர் 30 அன்று வந்த உத்தரவில், போக்குவரத்து அபராதத்தின் ஒரு பங்கைக் கொண்டு மாநிலங்கள் சாலைப் பாதுகாப்பு நிதி அமைக்க வேண்டும் என்பதும் ஒன்று. பாலக்காட்டிலிருந்து ஆம்புலன்ஸில் கோவைக்குப் போன நம்மவர்கள் எத்தனையோ பேர். அந்த ஊர் மருத்துவர் ஒருவர் கேட்ட கேள்வி என்பதில் நமக்கும் கொஞ்சம் பெருமை உண்டு.

நம் குடும்பங்களுக்குச் சில வார்த்தைகள்

எங்கள் தெருவில் ஒரு தங்கை தன் ஸ்கூட்டரை விற்கப் போனாள். பத்திரம் மாற்ற முடியவில்லை. காரணம், கட்டாத சலான் நான்கு. வண்டி தமிழ்நாட்டுப் பதிவு. விலாசம் உடுமலைப்பேட்டையில் அவள் காலி செய்த வாடகை வீடு. கைபேசி எண் எப்போதோ விட்டுப் போனது. நோட்டீஸ் வந்ததே அவளுக்குத் தெரியாது. இரண்டு மாநிலத்திலும் கால் வைத்திருக்கும் நம் குடும்பங்களில் இது சாதாரணமாக நடக்கக்கூடியது. எனவே:

வண்டிப் பதிவில் உங்கள் இப்போதைய விலாசமும் கைபேசி எண்ணும் இருக்கின்றனவா என்று இந்த வாரமே பாருங்கள். பரிவாஹன் தளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்தால் சலான் இருப்பது தெரிந்துவிடும். பிள்ளைகளிடம் சொன்னால் இரண்டு நிமிடத்தில் பார்த்துச் சொல்வார்கள்.

சலானில் உள்ள படத்தையும் நாள், நேரம், இடத்தையும் சரிபாருங்கள். வண்டி உங்களுடையது அல்ல என்றால் சலானில் சொன்ன கெடுவுக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். சும்மா விட்டுவிடாதீர்கள்.

எழுதத் தமிழ் போதுமா என்று கேட்பவர்களுக்கு: 1969-ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம், அறிவிக்கப்பட்ட மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் தமிழர் அரசு அலுவலகத்துக்குத் தமிழில் எழுதவும், தமிழிலேயே பதில் பெறவும் உரிமை கொடுத்தது. அந்த உரிமையை உபயோகிக்காமல் விட்டால் அது ஏட்டில் மட்டும்தான் இருக்கும்.

ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். இது எல்லாவற்றிலும் கடினமானது என்று எனக்குத் தெரியும். அவசரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவரிடம் உபதேசம் செய்ய முடியாது. மற்ற நாட்களிலாவது செய்யலாம்.

கேரளத்தில் 2023 ஜூலை முதல் இருசக்கர வண்டிக்கு உச்ச வேகம் 60 கி.மீ. பழைய 70-ஐ மனதில் வைத்து ஓட்டும் தம்பிமாருக்கு இதைச் சொல்லுங்கள்.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். 2005-ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில் ஒரு மனு போடலாம். பாலக்காடு மாவட்டத்தில் போன ஆண்டு வசூலான வண்டி அபராதம் எவ்வளவு, சாலைப் பாதுகாப்பு நிதியிலிருந்து இந்த மாவட்டத்துக்கு வந்தது எவ்வளவு, எந்தெந்த வளைவில், எந்தப் பள்ளிக்கூட வாசலில் அது செலவானது? இந்த மூன்று கேள்விகள் போதும். முப்பது நாளில் பதில் தர வேண்டும். இடுக்கிக் கிளை நண்பர்கள் தங்கள் மாவட்டத்துக்கு ஒன்று போடட்டும். வந்த பதிலோடு கலெக்டர் தலைமையிலான மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் கவுன்சிலைப் பார்க்கலாம். அடுத்த செயற்குழுவில் இதை வைக்கிறேன். மனுவை எழுதித் தர நான் தயார். கையெழுத்துப் போட வருபவர்கள் தங்கள் ஊரில் ஆபத்தான இடம் எது என்பதையும் ஒரு தாளில் எழுதி வாருங்கள்.